பச்சை எரிந்தால் போதும்

"அண்ணே, அடிவயிறு வெடிச்சிடும் போல இருக்கு. இன்னும் ஒருத்தரும் வரலையே!"

கண்ணாடிக்காரர் நர்ஸைக் கூப்பிடும் கட்டிலோரத்துப் பொத்தானை மறுபடி அழுத்தினார். அதில் பச்சை விளக்கு எரிந்தது. இடுப்பில் ஆபரேஷன். காலையில்தான் மூத்திரக் குழாயை எடுத்திருந்தார்கள். புரண்டு படுக்கக்கூட ஆள் வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் லோடுமேன். மூட்டை சரிந்து நசுக்கிய கால், மாவுக்கட்டோடு மேலே தொங்கியது. அறையில் இருந்ததே இவர்கள் இரண்டு பேர்தான். யூரின் பாட்டில் இருந்ததோ ஜன்னலோரம், இரண்டு பேருக்கும் எட்டாத இடத்தில்.

"அழுத்துங்க சார், நல்லா அழுத்துங்க. கட்டைவிரலாவது தேறட்டும்," என்றார் லோடுமேன்.

"பச்சை எரியுதே அண்ணே. எரிஞ்சா செய்தி போய்ச் சேர்ந்தாச்சுன்னு அர்த்தம்."

"எங்க போய்ச் சேர்ந்துச்சு? நான் வந்த நாளா பச்சையைத்தான் பாக்கறேன். நர்ஸைப் பாக்கல."

கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தார். படித்த மனுஷர். மூத்திரம் முட்டினாலும் விளக்கம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"ஒவ்வொரு கட்டில்லயும் ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருக்குண்ணே. அது பழசு. நர்ஸ் மேஜையில இருக்கிற பெட்டி புதுசு. பழசு பேசறது புதுசுக்குப் புரியாது. எல்லாத்தையும் மாத்தினா செலவு. அதனால நடுவுல ஒரு புரோகிராம் போடுவாங்க. லைப்ரரின்னு பேரு. பழசுகிட்ட வாங்கி, புதுசுக்குப் புரியற மாதிரி சொல்லும்."

"லைப்ரரியா? அதான் ஒரு சத்தத்தையும் காணோம்!"

"ஐயோ, சிரிக்க வைக்காதீங்கண்ணே. ஊத்திரும்."

"எங்க மண்டியில ஒருத்தன் இருக்கான் சார். எதைக் கேட்டாலும் 'ஆச்சுண்ணே'ம்பான். லாரி வந்துச்சாடா? ஆச்சுண்ணே. கயிறு கட்டினியாடா? ஆச்சுண்ணே. அவன் கட்டாத கயிறுதான் இந்தக் கால்."

"அடப்பாவி! அவனை என்ன செஞ்சாங்க?"

"மேஸ்திரி ஆக்கிட்டாங்க. முதலாளியோட மச்சானாச்சே."

"இது அப்படி இல்லண்ணே. சேர்ந்தாத்தான் எரியும்." கண்ணாடிக்காரர் குரலில் ஏனோ ரோஷம் ஏறியது. இன்னொரு தரம் அழுத்தினார். பச்சை ஜோராக எரிந்தது. எதையோ நினைத்துக்கொண்டவர்போல அதையே வெறித்துப் பார்த்தார்.

லோடுமேன் கத்திப் பார்த்தார். லாரி இரைச்சலையே அமுக்கிவிடும் தொண்டை அது. ஆனால் புதுப் பெட்டி வந்த கையோடு, இனி யாரும் கத்த வேண்டியதில்லை என்று அறைக்கு அறை தடித்த கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இதுக்கு மேல ஒரே வழிதான்," என்று தலைமாட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கதவைப் பார்த்து வீசினார் லோடுமேன்.

அடுத்த நிமிஷம் நர்ஸ் உள்ளே நின்றாள்.

"ஆஸ்பத்திரியா, சந்தைக்கடையா? பட்டன் எதுக்கு வச்சிருக்கு?"

"அதை அந்தப் பட்டனைக் கேளுங்க சிஸ்டர். அழுத்தி அழுத்தி அவர் விரலே தேஞ்சு போச்சு."

"என் பெட்டியில ஒண்ணும் வரலையே! நோயாளிங்க ரொம்பக் குறைவா கூப்பிடற வார்டுன்னு எங்களுக்கு ஷீல்டே குடுத்திருக்காங்க."

"குடுப்பாங்க, குடுப்பாங்க. முதல்ல அவருக்குப் பாட்டிலைக் குடுங்க."

நர்ஸ் பாட்டிலை எடுத்து வந்து போர்வையை விலக்கினாள். பிறகு பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, மாற்றுத்துணி எடுத்து வந்தாள். கண்ணாடிக்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஈர விரிப்பை உருவிக்கொண்டே நர்ஸ் புலம்பினாள்: "பக்கத்து ரூம் அம்மாவும் இதையேதான் சொல்றாங்க. காலையில கம்பெனிக்குப் போன் போட்டேன். நடுவுல இருக்கிற புரோகிராமை எழுதினவர் வந்துதான் பாக்கணுமாம். அந்த மகராசன் மாடிப்படியில வழுக்கி, இடுப்பை உடைச்சுக்கிட்டு, எங்கயோ ஆஸ்பத்திரியில படுத்திருக்காராம்!"

லோடுமேன் மெல்லத் தலையைத் திருப்பிப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார்.

"சார்... அந்தப் பச்சை?"

"அது வரைக்கும் எழுதிட்டேண்ணே," என்றார் கண்ணாடிக்காரர், சுவரைப் பார்த்தபடியே. "பெட்டி வாங்க வந்தவங்க பச்சையைப் பாத்ததும் கை தட்டிட்டாங்க. நர்ஸ்கிட்ட போய்ச் சொல்ற பாதி இன்னும் பாக்கி."