இராமருக்குப் போட்ட புள்ளிகள்

"இராமருக்குத் தொண்ணூத்தொம்பது போட்டது யாரு?"

சிவமணியின் குரலில் கீழே கடையில் போன் பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்தியிருப்பார்கள்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், காசு கொடுத்துப் போன் பேசும் நாகேந்திரத்தின் கொமியூனிகேஷன் கடைக்கு மேல்மாடி அது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். கணினிக்கு முன்னால் நாகேந்திரம், பக்கத்தில் மஜீட். இருவரும் ஒருகாலத்தில் கொட்டாஞ்சேனைக் கழகத்துக்குக் கூடைப்பந்து ஆடியவர்கள்.

சோதனைச் சாவடிகள் கூடக்கூட மாலைப் பயிற்சிக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். மிஞ்சியவர்களில் பாதிப் பேர் கனடாவுக்கும் டோஹாவுக்கும் போனார்கள். அதற்குப் பிறகுதான் நாகேந்திரம் கழகத்தை ஒரு விளையாட்டாகக் கணினிக்குள் கொண்டுவந்தார். கொழும்பில் ஆடிய எட்டுக் கழகங்கள், நூற்றுச்சொச்சம் ஆட்டக்காரர்கள், எல்லாரும் சொந்தப் பெயரில். பந்து எறிதல், பாஸ், தடுத்தாடுதல், களைக்காமல் ஓடும் மூச்சு என்று ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்குள் புள்ளி. அந்தப் புள்ளிகளை வைத்துக் கணினியே ஆட்டத்தை ஆடி முடிவு சொல்லும். வெளிநாட்டில் இருந்தவர்களும் ஈமெயிலில் ஆட்டக்காரர்களை ஏலம் எடுத்து, மாற்றி, சண்டை பிடித்தார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை புள்ளிகளைத் திருத்த வேண்டும். ஆறு வருடம் கழகத்தின் ஸ்கோர் மேசையில் இருந்தவள் சிவமணி. யார் எத்தனை போட்டான், எத்தனை தவறவிட்டான் என்பதெல்லாம் அவளுடைய கொப்பிகளில் இருந்தது. போன வருடம் அவள் வரவில்லை. இந்த வருடம் கொப்பிகளோடு வந்திருந்தாள்.

வந்து பார்த்தால், இராமரின் பெயருக்கு நேரே எல்லாப் புள்ளிக் கட்டத்திலும் தொண்ணூற்றொன்பது.

"இடக்கையால ஒரு நாளாவது உருப்படியா போட்டிருக்கானா? வலப்பக்கம் மறிச்சா அவன் கதை முடிஞ்சிச்சு. எல்லா டீமுக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாதா?"

"உட்டுருங்க அக்கா," என்றான் மஜீட். "நல்லா வெளயாடின புள்ளதானே."

'வெளயாடின' என்ற சொல்லுக்கு அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் மஜீட் கணினித் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

நாகேந்திரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு மரியாதைக்குத்தான் போட்டனாங்கள், சிவமணி. கனடாவில இருக்கிற பெடியளும் ஓம் எண்டவங்கள்."

மரியாதை. அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் யார், கூடிப் பேசி மரியாதை செய்ய? யாரைக் கேட்டுச் செய்தார்கள்?

கொப்பியை விரித்தாள். கையெழுத்து அவளுடையது, ஒன்றையும் மறுக்க முடியாது.

அரையிறுதியில் கடைசி நிமிடத்தில் கிடைத்த இரண்டு இலவச எறிதலும் வெளியே. அந்த வருடம் முழுக்கப் பார்த்தால் நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டைப் போடச் சொன்னாள். தடுத்தாடும்போது ஆளைப் பார்க்காமல் பந்தைப் பார்ப்பான், நாற்பத்துநாலு. இடக்கை முப்பத்தொன்று, அதுவே கூடுதல்தான். நாகேந்திரம் ஒவ்வொன்றாக அடித்தார்.

பாஸுக்கு வந்தபோது பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினாள்.

"எண்பத்தாறு. இது அவனுடையது. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

கணினி கணக்குப் போட்டது. ஆட்டக்காரர்களின் பெறுமதிப் பட்டியலில் முதலாவதாக இருந்த இராமர் நாற்பத்து மூன்றாவது இடத்துக்கு இறங்கினான். வேறு யாராவது அங்கே இருந்திருந்தால், இவளுக்கும் அந்தப் பையனுக்கும் ஏதோ தீராத பகை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அவள் விடவில்லை. கழகம் என்ற கட்டத்தில் எந்தக் கழகத்தின் பெயரும் இல்லை. அதில் 'கௌரவ ஆட்டக்காரர்' என்று சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

"எதுக்கு இவனை மட்டும் தனியாத் தூக்கி வச்சிருக்கீங்க? ஏலத்துல போடுங்க. எடுக்கிறவன் எடுக்கட்டும், இல்லாட்டி பெஞ்சில குந்தட்டும்."

நாகேந்திரம் அதையும் அழித்தார்.

அப்போதுதான் அவள் வயதைப் பார்த்தாள். இருபத்தாறு.

மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். மஜீட்டுக்கு முப்பத்தைந்து. நாகேந்திரத்துக்கு நாற்பத்தொன்று. கனடாவில் இருப்பவர்களுக்கும் டோஹாவில் இருப்பவர்களுக்கும் இரண்டு வருடத்தில் இரண்டு வயது கூடியிருந்தது. ஒருவனுக்கு மட்டும் கூடவில்லை.

"போன செவ்வாக்கிழமை என் தம்பிக்கு இருபத்தெட்டு முடிஞ்சிச்சு," என்றாள். "வயசைப் போடுங்க."

நாகேந்திரத்தின் விரல் விசைப்பலகைக்கு மேலேயே நின்றது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், தெஹிவளை பஸ் தரிப்பிடத்தில், பட்டப்பகலில் இராமரை வெள்ளை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அவள் ஏறாத அலுவலகம் இல்லை. தெரியாது என்றார்கள், பிறகு வா என்றார்கள், எங்கள் பட்டியலில் இல்லை என்றார்கள். அவன் செத்துப்போனான் என்று இன்றுவரை ஒருவனும் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னதில்லை.

நாகேந்திரம் இருபத்தெட்டு என்று அடித்தார்.

வயது கூடியதும் கணினி தன் பாட்டில் இராமரின் மூச்சுக்கான புள்ளியில் இரண்டைக் குறைத்தது. அதைப் பார்த்த பிறகுதான் சிவமணி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.