பெரியவனுக்கு ஒரு மீன்

"பெரியவன் வந்துட்டானாங்க?"

மாமியார் சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டதும், எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்த மருமகளின் கையிலிருந்து கத்தி நழுவியது.

கல்யாணமாகி இப்போதுதான் முதல் தடவையாக இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். கணவனின் அண்ணன் கடலில் மூழ்கி இறந்து மூன்று வருஷமாகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

"வந்தாச்சு, வந்தாச்சு!" கொல்லைப்புறத்திலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

அவர் படகு மெக்கானிக். பாதியாக அறுத்த டிரம்மில் கரி மூட்டி, கம்பி வலையின் மேல் மீன்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இறால் சுருண்டு சிவந்தது. நண்டு ஓடு பட்டென்று வெடித்தது.

கொல்லையிலேயே போட்டிருந்த மேஜையில் ஐந்து தட்டுகள். ஆட்கள் நாலே பேர்.

இருப்பதிலேயே பெரிய மீனை எடுத்து, காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தார் மாமனார்.

மாமியார் அந்த நாற்காலியைப் பார்த்துச் சிரித்தாள். "முள்ளு பாத்துச் சாப்பிடுப்பா."

"சரிம்மா."

இளம் ஆண்குரல்! கணவன் வாயே திறக்கவில்லை. புகைக்குப் பின்னால், முகம் தெரியாமல் நின்ற மாமனாரிடமிருந்துதான் வந்தது அது.

"உப்பு போதுமாடா?"

"போதும்மா. இறால்தான் கொஞ்சம் கருகிடுச்சு."

"உங்கப்பாவுக்கு எதுலயும் அவசரம்."

மருமகள் மேஜைக்கடியில் கணவனின் காலை மிதித்தாள். "பேசாம சாப்பிடு" என்று முணுமுணுத்தான் அவன்.

சாப்பாடு முடிந்ததும் நேராக மாமனாரிடம் போனாள். அவர் கம்பி வலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நான் நர்ஸ். தப்பா நினைக்காதீங்க. அத்தையை டாக்டர்கிட்ட காட்டணும். நீங்களே கூடச் சேர்ந்து நடிச்சா எப்படி?"

அவர் வலையைக் கீழே வைத்தார்.

"அவ மனசு உடைஞ்சு போச்சும்மா. பிள்ளை போனதே அவளுக்கு நினைப்பில்ல. ரிப்பேர் பண்ணின படகை ஓட்டிப் பாக்கலாம்னு நான்தான் அவனைக் கூட்டிட்டுப் போனேன். அவன் போயிட்டான், நான் பிழைச்சுட்டேன். அவளுக்கு வாரம் ஒருதடவை அவனைக் காட்டவாவது நான் இருக்கணும்ல?"

மருமகளுக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே போனாள். மாமியார் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அத்தை... உங்க பெரிய பிள்ளை இப்ப எங்க இருக்காரு?" நோயாளியிடம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

மாமியார் கொல்லைப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டாள்.

"புதைச்சது நான்தானேம்மா, எனக்குத் தெரியாதா? உங்க மாமா ஆஸ்பத்திரியில நினைவில்லாம கிடந்தாரு. கரை ஒதுங்கினவனை நான்தான் போய் அடையாளம் காட்டினேன்."

"அப்புறம் ஏன் அத்தை இப்படி...?"

"வீட்டுக்கு வந்தும் ரெண்டு மாசம் சுவரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. பச்சைத் தண்ணி பல்லுல படல. எத்தனையோ சொல்லிப் பாத்தேன், காதுலயே விழல. கடைசியில ஒருநாள், 'பிள்ளைக்குப் பசிக்குமேங்க'ன்னேன். அப்பத்தான் மனுஷன் எழுந்து போய் கரியைப் பத்த வச்சாரு."