எழுபத்திரண்டு கிலோ

படகின் முன்முனையில் என்னை உட்கார வைத்துவிட்டு, என் கணவர் புது எஞ்சினைக் கிளப்பினார்.

அந்தப் படகு இருபத்தைந்து ஹெச்பிதான் தாங்கும். பின்பலகையில் தகடே அடித்திருக்கிறது. இவர் மாட்டியிருப்பது நாற்பது. என் தம்பி படகில் முப்பது இருக்கிறது, காரணம் அவ்வளவுதான்.

முந்தின நாள் தனியாக ஓட்டிப் பார்த்திருந்தார். எஞ்சின் கனத்தில் பின்பக்கம் அமுங்கி, படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. சாய்வு நாற்காலியில் கிடப்பவர் போல ஏரியைச் சுற்றி வந்தார். துறையே சிரித்தது.

அன்று மதியம் மெக்கானிக் போனில் சொன்னது அடுப்படி வரை கேட்டது. முன்னால் எழுபது கிலோ ஏற்றினால் மூக்கு தானாக இறங்கிவிடுமாம்.

மறுநாள் காலையில் வந்து, "வாயேன், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்றார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் ஒருமுறை கூப்பிட்டதில்லை.

நான் எழுபத்திரண்டு கிலோ.

விஷயம் புரிந்தும், பெட்டியிலிருந்த நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன். மூட்டையாகப் போனாலும் பட்டு மூட்டையாகப் போவோமே.

படகு பறந்தது. காற்றில் கொண்டை அவிழ்ந்தது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளத்தான் நினைத்தேன். முடியவில்லை, வாயெல்லாம் பல்.

திருப்பத்தில் படகு சட்டென்று ஒருக்களித்தது. தண்ணீர் மடியில் வந்து கொட்டியது. இன்னும் ஒரு சாண் சாய்ந்திருந்தால் இரண்டு பேரும் ஏரிக்குள்.

எஞ்சினை அணைத்துவிட்டுத் தவழ்ந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.   

துடுப்புப் போட்டே கரை சேர்ந்தோம். இறங்கியதும் மெக்கானிக்கை வரவழைத்து, இதைக் கழற்றிவிட்டுப் பழைய எஞ்சினையே மாட்டச் சொன்னார்.

சரி, பழைய எஞ்சினுக்கு மூட்டை வேண்டாம், நம் சவாரி இத்தோடு முடிந்தது என்று புடவையைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

மெக்கானிக் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து சாயங்காலமே ரெண்டு கேன் நிறையத் தண்ணி பிடிச்சு, முன்னாடி கட்டிக் குடுத்துட்டேன்க்கா. அளவா எழுபது கிலோ. காலையில இவரே அவுத்து ஏரியில கொட்டிட்டாரு."

திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்து, கழற்றி வைத்த போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

மொத்தம் நான்கே போல்ட்டு. எண்ணி முடியவேயில்லை.