பிரிண்டர் நின்ற காரணம்

"திங்கக்கிழமையிலேர்ந்து இதே பாட்டு, ஹரிஹரன். பிரிண்டர் வேலை செய்யலையாம். இன்னிக்கு வியாழன். இந்த அம்மாவுக்கு சம்பளம் குடுக்கிறதே தண்டம்" என்றார் உலகநாதன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலைப் பார்த்த ஒரு சொகுசு விடுதி. அதன் மேனேஜர் உலகநாதன். 'இந்த அம்மா' என்றது ஆபீஸ் கிளார்க் ஜெபாவை. ஹவுஸ்கீப்பிங் பெண்களோடு கடப்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். திட்டு காதில் விழாத மாதிரி ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஹரிஹரன் கூடுவாஞ்சேரி கம்ப்யூட்டர் மெக்கானிக். அவன் பைக் சத்தம் கேட்டாலே செத்த பிரிண்டர் எழுந்து உட்கார்ந்து பேப்பர் கேட்கும் என்பார்கள். யார் அப்படிச் சொல்வது என்று கேட்டால், அவன்தான். இங்கே கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்ததும், ஜெபாவுக்குப் பிரிண்டர் கமாண்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்ததும் அவனே.

"வெளிய ஜெராக்ஸ் கடையில எடுத்துக்கலாமே சார்?"

"அதுக்கான லெட்டரா இது? கடைக்காரன் படிச்சான்னா அடுத்த பஸ்ல கடப்பாக்கத்துக்கு சேதி போயிடும். பத்தொம்பது லெட்டர். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள குடுத்தாகணும். நாளைக்குக் குடுத்தா பிரயோஜனம் இல்ல."

"தம்பி, மொதல்ல நாஸ்தா துன்னுட்டு வா. மிஷினு எங்க ஓடப்போவுது?" என்றாள் ஜெபா.

"ஆச்சுக்கா."

"கேபிளு போயிருக்கும். வேற எடுத்துகினு நாளிக்கு வாயேன்."

"பாத்தீங்களா?" என்றார் உலகநாதன். "வேலையைத் தள்ளிப் போடறதுல மட்டும் கெட்டி."

ஹரிஹரன் கேபிளை ஆட்டிப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தது. கறுப்புத் திரையைத் திறந்து, பிரிண்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கும் கமாண்டைத் தட்டினான். பதில் வந்தது. முதல் வரியைப் பார்த்ததுமே சிரித்துவிட்டான்.

"அக்கா, உங்கள மாதிரி ஆளுங்க பண்ற தப்பே இதான். மிஷின் எல்லாத்தையும் எழுதிக் காட்டுது. ஒருத்தரும் படிக்கிறதில்ல."

"நீ படிச்சியா தம்பி?"

"எனக்குப் பாத்தாலே போதும்க்கா." உலகநாதன் பக்கம் திரும்பினான். "சார், பிரிண்டர்ல கோளாறே இல்ல. திங்கக்கிழமை காலையில ஒம்பது பத்துக்கு யாரோ கமாண்டு போட்டு நிறுத்தியிருக்காங்க."

"யாரு?"

"அந்தக் கமாண்டு இங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான்."

சொன்ன ஜோரிலேயே திறக்கும் கமாண்டை அடித்து என்டரைத் தட்டினான்.

பிரிண்டர் இருமியது. நாலு நாளாகக் காத்திருந்த தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. முதல் தாளில் எல்லம்மாள், ஹவுஸ்கீப்பிங். அடுத்தது கன்னியம்மா. பிறகு செங்கம்மாள். பெயர்தான் மாறியது, கீழே எல்லாவற்றிலும் ஒரே வரி: 'நாளை முதல் தங்கள் பணி தேவையில்லை.'

உலகநாதன் நின்றபடியே பத்தொன்பதிலும் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடப் போனவர், மூடவில்லை.

"இன்னொண்ணு டைப் பண்ணும்மா. உன் பேருக்கு."

ஜெபா நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கொஞ்சம் எழுந்துக்கோ தம்பி."

எழுந்துகொண்டே கறுப்புத் திரையை மூடப் போனான் ஹரிஹரன். அப்போதுதான் அந்த முதல் வரிக்குக் கீழே இருந்த இரண்டாவது வரி கண்ணில் பட்டது. பிரிண்டரை நிறுத்துகிறவர் காரணம் எழுதி வைக்கும் இடம். ஜெபா தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாள்:

'தம்பி, வெள்ளிக்கிழமை தாண்டறவரைக்கும் இத்தத் தொறக்காத. அன்னியோட பத்தொம்பது பேருக்கும் 480 நாள் வேல முடியுது, சட்டப்படி நிரந்தரமாயிடும். இந்த எடத்தப் படிக்கிற ஆளு நீ ஒருத்தன்தான்.'