பிளாட்டினம் எப்போது இறங்கும்

பிளாட்டினம் மறுபடியும் ஏறியது. அலுவலகமே கைதட்டியது. அவள் மட்டும் நகத்தைக் கடித்தாள்.

திரையைப் பார்த்து, போனில் கேட்கிற நகைக்கடைக்காரர்களுக்கு விலை சொல்வது அவள் வேலை. இன்று தங்கம் விலை கேட்டவர்களுக்கும் பிளாட்டினம் விலையையே சொல்லித் தொலைத்தாள்.

முதலாளிக்குக் கால் தரையில் பாவவில்லை. தங்கத்தைவிடப் பிளாட்டினம் ஒசத்தியாக இருந்த காலத்தில், உச்ச விலைக்கு வாங்கி மாட்டிக்கொண்ட புண்ணியவான் அவர். பிறகு தங்கம் எங்கேயோ போய்விட்டது; இது வருஷக்கணக்காகப் படுத்த படுக்கை. புகைக்குழாய்க்கு இதை வாங்கும் கார் கம்பெனிகள் தும்மினால் இறங்கும். சுரங்கத்தில் வேலைநிறுத்தம் என்றால் ஏறும்.

நேற்று கடல் கடந்த நாட்டில் ஒரு பிளாட்டினச் சுரங்கம் சரிந்துவிட்டது. ஆட்களைத் தேடி முடிக்கும்வரை சுற்றுவட்டாரச் சுரங்கங்களையும் மூடிவிட்டார்கள். ஏறாமல் என்ன செய்யும்?

சரிந்த சுரங்கத்துக்குள் அவளுடைய அண்ணன் இருந்தார். தண்ணீர் இறைக்கும் பம்புகளுக்கு மெக்கானிக்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வீட்டுக்குப் போகச் சொல்வார்கள். வீட்டில் இந்தத் திரை கிடையாது.

சுரங்கக் கம்பெனியில் போனை எடுக்க நாதியில்லை. ஆனால் டிவிக்குத் தெரியும் முன்பே விலைக்குத் தெரிந்துவிடும்; இத்தனை வருஷத்தில் எத்தனை முறை பார்த்திருக்கிறாள். ஆட்கள் வெளியே வந்தால் சுரங்கங்கள் திறக்கும். திறந்தால் விலை இறங்கும்.

இறங்கித் தொலையேன் என்று வாய்விட்டே கெஞ்சிவிட்டாள்.

"நல்ல நேரத்துல உன் வாயில நல்ல வார்த்தையே வராதாம்மா?" என்றார் முதலாளி.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். எழுந்தாள், உட்கார்ந்தாள்.

அப்போதுதான் விலை சறுக்கியது. சும்மா இல்லை, மடமடவென்று. முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவளுக்கோ அந்தத் திரையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கவேண்டும் போல இருந்தது. போனை எடுத்தாள்.

"அண்ணி, இறங்கிடுச்சு! அண்ணன் வெளிய வந்துட்டாரு, பிள்ளைங்ககிட்ட சொல்லுங்க!"

அண்ணி அழுதாள், சிரித்தாள், பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கத்தினாள். பிள்ளைகள் குதிக்கிற சத்தம் போனில் கேட்டது.

திரையின் அடியில் செய்தி அதற்குப் பிறகுதான் ஓடியது. சுரங்கத்தில் சிக்கியவர்களைத் தேடும் பணி கைவிடப்பட்டது. மற்ற சுரங்கங்களில் நாளை காலை வேலை தொடங்கும்.

அவர் எப்போது பேசுவார் என்று அண்ணி கேட்டுக்கொண்டிருந்தாள்.