மூன்றாம் முறையும் ஆனந்தி

ஆனந்தி மறுபடியும் வந்துவிட்டாள்.

ராமலட்சுமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். தீப்பெட்டி ஆபீஸ் கணக்குக்காக அவள் கணவன் காளிராஜ் அப்போதுதான் உருவாக்கிய புத்தம்புது டேட்டாபேஸ். ஒன்றுமே இருக்கக் கூடாத இடத்தில் 'ஆனந்தி' என்று ஒரு டேபிள். நிறம், எடை, குணம், பிடித்த தீனி என்று தலைப்புகள் மட்டும். கீழே எதுவும் நிரப்பவில்லை.

"யாரு இவ?"

"எனக்கு என்ன தெரியும்? நான் போடல."

திரையைப் படமெடுத்துத் தங்கமாரிக்கு அனுப்பினாள். போன மாதம் இந்தப் புது சர்வரை அமைத்துக் கொடுத்துவிட்டு பெங்களூர் வேலைக்குப் போன புதூர்க்காரி அவள்.

மதியம் முதலாளி வந்துவிடுவார். காளிராஜ் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தான். பில்லில் போடுவதற்காக அவர் கொடுத்திருந்த சேவல் படத் தீப்பெட்டி லேபிள்களை ராமலட்சுமி எடுத்து விசிறிக்கொண்டாள். ஒரு சேவலுக்கும் கண் இல்லை. அச்சுக்கட்டையிலேயே தேய்ந்துபோயிற்றாம்.

கோபம் வரவில்லை என்பதுதான் அவளுக்கே உறுத்தியது. எப்போதும் பேச்சில் தன்னை மடக்குகிறவன் வேர்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க, உள்ளுக்குள் ஒரு குளுமை பரவியது. அதை முகத்துக்கு வரவிடவில்லை.

மூன்றாம் முறையும் அதே இடத்தில் ஆனந்தி.

"அவ எடையக்கூட எழுதிவைக்கப் பாத்திருக்கீக," என்றாள் மெதுவாக.

காளிராஜ் மவுசை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான். "கடம்பூர்ல ஒரு பொண்ணு பாக்கப் போனோம். ஒன்னயப் பாக்க வாரதுக்கு முந்தி."

"மொதமொத பாத்த பொண்ணு நாந்தான்னு சொன்னீகளே."

"பேரு ஆனந்திதான். வேண்டாம்னதும் அவதான். ஆனா சத்தியமா இத நான் போடலட்டி."

போன் அடித்தது. ராமலட்சுமி ஸ்பீக்கரில் போட்டாள். தங்கமாரி எடுத்த எடுப்பில் மன்னிப்புக் கேட்டாள். புதிதாகப் பிறக்கும் எந்த டேட்டாபேஸும் சர்வருக்குள் இருக்கும் ஒரு மூல டேட்டாபேஸிலிருந்துதான் நகலாகி வருமாம். சர்வரைச் சோதித்துப் பார்க்கையில் கைதவறி அந்த மூலத்திலேயே ஒரு டேபிளைப் போட்டுவிட்டாளாம்.

"அது சரி, ஆனந்தி யாருட்டி?"

"எங்க வீட்டு வெள்ளாடுக்கா."