அஞ்சு நாள் வேலை

"அஞ்சு நாள்னு சொன்னீங்களா இல்லையா?"

மலேசியாவின் யோங் பெங் ஊர்க் கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார் மனோகரன். சனிக்கிழமை காலை. அவருடைய வாழையிலைச் சாப்பாட்டுக் கடை முன்னும் பின்னும் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கிடந்தது.

"சொன்னேன் அண்ணே" என்றான் தீபன். பழைய கட்டடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் குத்தகைக்காரன்.

"சீலிங் பலகையைச் செவ்வாய்க்கிழமையே கழட்டிட்டீங்க. ஒரு நாள் வேலை! மிச்ச நாளெல்லாம் உள்ள படுத்துத் தூங்குறீங்களா?"

"கழட்ட ஒரு நாள்தான். அதுக்கு முன்னால கடையை மூடிக் கட்ட ஒரு நாள். கழட்டினதை நனைச்சு, ரெண்டு சுத்து பிளாஸ்டிக்ல கட்டி அனுப்ப ஒரு நாள். துடைக்க ஒரு நாள், காத்துல அந்த விஷத்தூசி இருக்கான்னு டெஸ்ட் பண்ண ஒரு நாள். சின்ன வீடா இருந்தா ரெண்டு மூணு நாள்ல முடிச்சிருப்பேன். கடைக்கு இவ்ளோ ஆகும்லா."

"கூட்டிப் பாத்தாலும் அஞ்சுதானே வருது? இன்னிக்கு ஆறு!"

தீபன் தலையைச் சொறிந்தான்.

"நேத்து டெஸ்ட் பெயில் அண்ணே. யாரோ பின் கதவுப் பிளாஸ்டிக்கைப் பிரிச்சிருக்காங்க. காத்தை உறிஞ்சுற டெஸ்ட் மெஷின் ஃபில்ட்டர்ல கன்னங்கரேல்னு புகை படிஞ்சிருக்கு. இதுல ஆஸ்பெஸ்டாஸ் தூசியை எப்படி எண்றதுன்னு லேப்ல திருப்பிட்டாங்க. மறுபடி துடைச்சு, மறுபடி டெஸ்ட். செவ்வாய்க்கிழமை திறக்கலாம்."

மனோகரனுக்குத் திங்கட்கிழமைதான் கவலை. செம்பனை எண்ணெய் ஆலையில் எண்பது பேருக்கு மதியச் சாப்பாடு அவர் கடையிலிருந்துதான் போகும். ஒரு வாரம் பொறுத்துக்கொண்ட மேனேஜர், திங்கட்கிழமையும் சாப்பாடு வராவிட்டால் எதிர்க்கடைக்குச் சொல்லிவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். மேனேஜர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதில்தான் ஆபத்து அதிகம்.

எதிர்க்கடை காளிதாஸுடையது. எதிரே கடை போட்டது முதல் குற்றம். பலகையில் 'அசல் வாழையிலைச் சாப்பாடு' என்று எழுதியது இரண்டாம் குற்றம். "அப்ப நான் என்ன நகலா?" என்று மனோகரன் கேட்ட அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அதற்கு ஆயிற்று பதினோரு வருஷம்.

கடையில் பாத்திரம் கழுவும் ராசம்மா பக்கத்தில் வந்தார்.

"முதலாளி, சொல்லக் கூடாதுன்னுதான் நெனச்சேன்." முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. "நேத்து சாயங்காலம் பின் சந்துல காளிதாஸ் நின்னாரு. கையில எதையோ மறைச்சு வச்சிருந்தாரு."

அவ்வளவுதான். ஒரு லாரி ஹாரன் அடித்துத் திட்டியதைக்கூடக் கவனிக்காமல் மனோகரன் சாலையைக் கடந்தார். எதிர்க்கடையில் தோசை தின்றுகொண்டிருந்த பாதிப் பேர் அவருடைய வாடிக்கையாளர்கள். அவரைக் கண்டதும் எல்லாரும் தட்டையே உற்றுப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"நேத்து என் கடைப் பின்னால உனக்கு என்ன வேலை?"

கல்லாவில் இருந்த காளிதாஸ் எழுந்துவிட்டார்.

"பாத்துட்டியா?"

"ஊரே பாத்துச்சு! என்னத்தய்யா கொளுத்துன?"

காளிதாஸ் குனிந்து கல்லாவுக்கு அடியிலிருந்து தூபக்காலை எடுத்துக் காட்டினார்.

"சாம்பிராணிப்பா."

"என்னது?"

"நீ லாபிஸ்ல மச்சான் வீட்டுல இருக்க. கடை பூட்டிக் கெடக்கு. இத்தனை வருஷமா எதிர்ல உக்காந்து பாக்கிறேன், ஒரு வெள்ளிக்கிழமைகூட நீ சாம்பிராணி காட்டாம விட்டதில்ல. அந்தப் பசங்க சாமி படத்தையும் சேத்துல்ல பிளாஸ்டிக்ல சுத்திட்டாங்க? மனசு கேக்கல. பின்பக்கம் கொஞ்சமா பிரிச்சு, புகையை உள்ள விசிறி விட்டேன்."

"கொஞ்சமா?"

"விசிறினது நல்லாத்தான் விசிறினேன். திங்கட்கிழமை நீ கடை திறந்துடணும்னு வேண்டிக்கிட்டேன். ஆலைக்காரரு எனக்குப் போன் போட்டுட்டாருய்யா. எண்பது பேருக்கு மூணு கறி! என் முட்டிக்கு அதெல்லாம் ஆகாதுலா."

மனோகரன் கத்தத்தான் வாயைத் திறந்தார். ஆனால் டெஸ்ட் பெயிலான கதையைத் தணிந்த குரலில்தான் சொன்னார்.

"அலமாக்! என்னாலயா?" காளிதாஸ் தலையில் கை வைத்தார். "திங்கட்கிழமை என் அடுப்பை எடுத்துக்கோ. நீயே ஆக்கு. உன் கடை பேர்லயே போகட்டும்."

மனோகரன் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. பதினோரு வருஷமாக அவரும்தான் எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார், எப்போது மூடுவான் என்று.

அதற்குள் தீபன் ஒரு படிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

"அண்ணே, பிளாஸ்டிக்கைப் பிரிச்ச ஆள் யாருன்னு தெரிஞ்சுதா? ரிப்போர்ட்ல பேரைப் போடணும். சும்மா விடக் கூடாது."

காளிதாஸ் தூபக்காலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். தோசை தின்றவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

மனோகரன் எழுந்துபோய் அதை வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"எழுதிக்கோ தம்பி. என் கடை சாமிக்கு என்னை விட்டா வேற யாரு சாம்பிராணி காட்டுவா?"